அருவித் தண்ணீர் மேல் விழுந்த பழி

"டிரஸ்ஸர் அண்ணாச்சி, ஓடி வாங்க! இவுக வாய் கோணிட்டு!"

காந்திமதி போட்ட சத்தத்தில் கையிலிருந்த பஞ்சைப் போட்டுவிட்டு ஓடினேன். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்த காலம். பென்சிலின் எங்கள் பக்கம் வராத நாட்கள். கட்டிலில் அவள் புருஷன், அச்சன்புதூர் விவசாயி சுடலைமுத்து. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு வரவில்லை. தலை மட்டும் நனைந்திருந்தது.

சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இருதய வால்வு கெட்டுப்போனவர். இப்போது அந்த வால்விலேயே கிருமி சேர்ந்து, வாரக்கணக்காக விடாத காய்ச்சல். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. முந்தின நாள்கூட என்னிடம், "சாரல் அடிக்குதுல்லா அண்ணாச்சி, ஒரு தடவ அருவியில தலையக் காட்டிட்டு வந்துருதேன்" என்றார்.

"உம்ம எலும்பப் பாத்தா அருவியே பயந்துரும். படும்வே" என்றேன். சிரித்தார்.

அந்த ஆசையைக் கேட்டுத்தான் காந்திமதி குற்றாலத்துக்குப் போய், செம்பில் அருவித் தண்ணீர் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது அவர் தலையில் விட்டிருக்கிறாள். அந்தத் தண்ணீர் உடம்புச் சூட்டைத் தணிக்கும், கிறுக்கையும் தெளிவிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. துவட்டி முடிப்பதற்குள் வாய் கோணிவிட்டது.

"காய்ச்சக்காரன் தலையில பச்சத் தண்ணிய விட்டு முடக்கிட்டியேட்டி! இனி எம் பிள்ள பக்கத்துல வந்த, பாரு!" என்று மாமியார் அவளை வெளியே தள்ளிவிட்டாள்.

அவள் வராந்தாவில் நின்று, "நாந்தான் செஞ்சுட்டேன், நாந்தான்" என்று முனகிக்கொண்டிருந்தாள். அவள் கண் போன இடத்தைப் பார்த்தேன். எதிரே கிணறு. திருமலைக் கோயில் முருகன் குமாரசாமியை மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டே டாக்டரிடம் போனேன்.

"அய்யா, தண்ணியாலயா வந்துச்சு? அந்தப் பிள்ள கெணத்தையே பாத்துக்கிட்டு நிக்கி. எல்லாருக்கும் கேக்க ஒரு வார்த்த சொல்லணும்."

டாக்டர் கட்டிலருகே வந்து, வராந்தாவுக்கும் கேட்கும் குரலில் மாமியாரைக் கூப்பிட்டார். "ஆச்சி, ஒங்க மகன் வால்வுல கிருமி பாசி மாதிரி ஒட்டி வளந்திருக்கு. அதுல ஒரு துணுக்கு பிஞ்சு, ரத்தத்தோட மூளைக்குப் போயி கொழாய அடச்சிட்டு. தலையில விட்ட தண்ணி அங்கன போகாது. நேத்தே இவரு நகத்துக்கு அடியில செவப்புக் கீத்து பாத்தேன். துணுக்கு அப்பவே ஓட ஆரம்பிச்சிட்டு."

"அப்போ பொழச்சுக்கிடுவானா அய்யா?"

அன்று அதற்கு மருந்து கிடையாது. ஆச்சி மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வராந்தாப் பக்கம் திரும்பி, "ஏட்டி, அங்கன என்ன நிக்க? ஒம் புருஷன் வாயில எச்சி ஒழுகுது. வந்து தொடச்சி விடு" என்றாள்.

சில நாட்களில் சுடலைமுத்து போய்விட்டார். முருகன் அவ்வளவுதான் கொடுத்தான். கடைசிவரை காந்திமதிதான் பக்கத்தில் இருந்தாள்.

அதற்குப் பிறகு, கை கால் விழுந்து யார் வந்தாலும், படுக்கையைச் சரிசெய்த கையோடு, வீட்டாரில் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பது யார் என்று பார்ப்பேன். இந்த வேலைக்கு வரும் தம்பிகளே, நீங்களும் பாருங்கள்.