முள்ளிவாய்க்கால் ஐஸ் ஆலையில் எண்ணெய் புளித்த கதை

கார்த்திகை முதற்கிழமை முள்ளிவாய்க்கால் பக்கம் போய் வந்தேன். உல்லாசப் பயணமில்லை. நான் குளிரூட்டி இயந்திரம் திருத்துகிறவன். அங்கே சின்ன ஐஸ் ஆலை நடத்தும் தவமணி அக்கா முதல்நாள் போன் எடுத்தா. "தம்பி, கொம்பிறசர் எண்ணெய் கறுத்துப்போச்சு. புளிச்ச மணம் வேற. ஒருக்கா வாங்கோ."

கிளிநொச்சியில் காலை 6.20 பஸ், கட்டணம் 240 ரூபா. பரந்தனில் திரும்பினால் பிறகு நேர் ரோட்டுத்தான். யன்னல் பூட்டாது, மழை. புதுக்குடியிருப்பு வரை என் தோள் நனைந்தது. போகிறவர்கள் குடை கொண்டு போங்கோ. 8.05க்கு முள்ளிவாய்க்காலில் இறங்கினேன்.

கொம்பிறசர்தான் குளிர்க் காஸை அழுத்தி ஓட்டுவது; அதில் மோட்டாரும் எண்ணெயும் ஒரே கூட்டுக்குள். எண்ணெயில் அமிலம் ஏறினால் மோட்டார்க் கம்பியின் பூச்சை அரித்து எரித்துவிடும். எரிந்தால் அக்கா ஆலையைப் பூட்டவேண்டியதுதான், இன்னொன்று வாங்க வழியில்லை. ஊதாநிறச் சோதனைத் திரவத்தில் எண்ணெயை விட்டுக் குலுக்கினேன். மஞ்சளாகிவிட்டது, அமிலம்தான்.

அமிலம் ஏற வழக்கமான காரணங்கள் மூன்று: சூடு கூடுவது, குழாய்க்குள் காற்றுப் போவது, ஈரம். சூடு சரி, ஒழுக்கும் இல்லை. மிஞ்சினது ஈரம். அண்மையில் எண்ணெயை அக்காவே மாற்றியிருந்தா.

"புது எண்ணெய் ரின்னை எங்க வைச்சிருந்தனீங்கள், அக்கா?"

"சாமியறையில. ஒன்பது நாளும் படைச்சு, ஆயுத பூசை முடியத்தான் ஊத்தினனான்."

"மூடியோடயோ?"

"மூடி வைச்சு ஆரும் படைப்பினமோ, தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த எண்ணெய் காற்றில் இருக்கிற ஈரத்தை அப்படியே உறிஞ்சும். அந்த ஈரம் சூட்டில் எண்ணெயோடும் காஸோடும் சேர்ந்து அமிலமாகும். சொன்னதும் அக்கா கதிரையில் இருந்துவிட்டா. "அப்ப என்ர கையாலதான் கெடுத்தனான்." மெசினுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருக்கிற மனுசியை எப்படி ஏசுவது?

பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியையும் மாற்றி, வெற்றிடப் பம்பால் நாலு மணித்தியாலம் ஈரத்தை உறிஞ்சி எடுத்தேன். இடையில் பாரை மீன் குழம்போடு சோறு. நான் கொண்டுபோன புது ரின்னை அங்கேயே உடைத்து உடனே ஊற்றினேன். ஐஸ் ஆலை வைத்திருப்பவர்கள் கவனியுங்கோ: ரின்னை உடைத்தால் அன்றைக்கே பாவியுங்கோ, மிச்சம் வைக்காதேங்கோ. ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுச் சோதித்தேன், ஊதா மாறவில்லை. ஆனால் குழாய்களில் பழசு ஒட்டியிருந்தால் அமிலம் திரும்ப ஏறும், ஒரு கிழமை போனால்தான் தெரியும். சோதனைத் திரவப் போத்தல் ஒன்றைக் கொடுத்து, கிழமை முடியச் சோதிக்கச் சொல்லிவிட்டு 5.10 பஸ்ஸில் திரும்பினேன்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. எட்டாம் நாள் காலமை அக்காவின் போன். பின்னால் கொம்பிறசர் இரைந்தது.

"ஊதாதான், தம்பி. ரெண்டுதரம் குலுக்கிப் பாத்திட்டன். வள்ளம் கரைக்கு வந்திட்டுது, ஐஸ் உடைக்கோணும். வைக்கிறன்."