வீட்டுக்காரரைக் கடித்த குதிரை

குதிரை வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதும், என் வீட்டுக்காரர் பிசைந்த சாமைச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும், எனக்கென்ன! ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் ஜீப் ஓடையோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஒற்றையடிப் பாதைதான், அதுவும் மூச்சு வாங்கும் ஏற்றம். புளி மூட்டையைத் தலையில் சுமந்து இறக்கி இறக்கி அவருக்கு முழங்கால் போயிற்று, எனக்குக் கழுத்து போயிற்று. போன வருஷம் பாதிப் புளி மரத்தடியிலேயே கிடந்து வீணானது. அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார்: "அடுத்த வருசம் புளி கீழ எறங்கலன்னா, நாம எறங்கிடலாம்."

வாய்ப்பேச்சோடு நிற்கவும் இல்லை. மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று. அண்டா, குண்டான் எல்லாவற்றையும் என் பழைய புடவையில் மூட்டை கட்டி மூலையில் வைத்துவிட்டார் மனுசன். என் மரங்களை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

வாணியம்பாடியில் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பாய் ஒருவர் ஆட்டோவுக்கு மாறிவிட்டார், குதிரைகளை விற்கப்போகிறார் என்று சந்தையில் கேள்விப்பட்டேன். அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போய்விட்டது. "பாக்கறதுக்கு மட்டும்தான் வர்றேன்" என்று முறுக்கிக்கொண்டே இவரும் பஸ் ஏறினார். வராமல் இருப்பாரா? எங்கள் ஊரில் யார் மாடு பிடிக்கப் போனாலும் இவரைத்தான் கூட்டிப்போவார்கள்.

பாய் வீட்டுக் கொட்டகையில் இரண்டு குதிரைகள் நின்றன. ஒன்று வெள்ளை, ராஜா மாதிரி. கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறதாம், பேண்டு சத்தம் கேட்டால் காலைத் தூக்கி ஆடுமாம். இன்னொன்று பழுப்பு நிறப் பொட்டைக் குதிரை. குட்டைக் கால், தொப்பை வயிறு, வாயில் எப்போதும் வைக்கோல். அதுதான் ஜட்கா இழுத்தது. அது என் கழுத்தில் மூக்கை வைத்து ஒரு தும்மல் போட்டது பாருங்கள், முகமெல்லாம் தெறித்தது. எனக்கு அப்போதே அதைப் பிடித்துவிட்டது.

இவர் முறைப்படி ஆரம்பித்தார். சுழி பார்த்தார், வாலை நீவினார், குளம்பைத் தட்டினார். கடைசியில் பல் பார்க்க வாயைத் திறந்தார். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, வெறும் ஈறுதான். அங்கே தைரியமாக விரலை வைத்து அழுத்தலாம். காலமெல்லாம் அப்படியே பழகிய கை.

"ஐயய்யோ! மேலயும் பல்லு கீதுடீ!"

பாய் ஓடிவந்து விரலை விடுவித்தார். "அது மாடு இல்லீங்க அண்ணே, குதிரை" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அப்போதும் நிற்கவில்லை. எங்கள் பக்கத்து மாடுகளையெல்லாம் எடைபோட்ட கைக்குத் துணி சுற்றும்போதும் சிரித்தேன்.

"இது வேணாம்" என்றார் இவர்.

"எனக்கு இதுதான் வேணும்" என்றேன் நான்.

கிளம்பும்போது பாய், "பின்னால மட்டும் நிக்காதீங்கம்மா, உதச்சா அவ்ளோதான்" என்று எச்சரித்தார். குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டியில் குதிரையை ஏற்றினோம். இவர் முன்னால் டிரைவர் பக்கத்தில், நான் பின்னால் குதிரையோடு. ஆலங்காயம் தாண்டி மலை ஏறினால் வளைவுக்கு வளைவு அது என்மேல் சாய்கிறது, நான் அதன்மேல் சாய்கிறேன். எதிரே வந்த பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் கை ஆட்டினேன், தெரியாதவர்களுக்கெல்லாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓடையில் இறக்கினோம். ஏற்றத்தைப் பார்த்ததும் குதிரை நின்றது. நான் முன்னால் போய்க் கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. வெல்லம் காட்டினேன். வெல்லத்தைத் தின்றது, அசையவில்லை. இவர் அதற்குள் பாதி வழி ஏறி ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். "வண்டிக்காரரு போறதுக்குள்ள திருப்பி ஏத்திடு! நாளைக்கே நாமளும் எறங்கிடலாம்!" என்று கத்தினார்.

என் சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. ஏறாத குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? மூலையில் இருக்கும் அந்த மூட்டைதான் கண்முன்னால் நின்றது.

அப்போதுதான் உறைத்தது. ஜட்காக் குதிரைக்கு முன்னால் யார் நடந்திருக்கிறார்கள்? அதை ஓட்டுகிற குரல் எப்போதும் பின்னாலிருந்துதானே வந்திருக்கும்! நாங்களும் மாட்டைப் பின்னாலிருந்துதானே ஓட்டுகிறோம்! கயிற்றை அதன் கழுத்தில் சுற்றிவிட்டுப் பின்னால் போனேன், உதை எட்டாத தூரத்துக்கு. ஏர் மாட்டை அதட்டுகிற அதே தொண்டையில், "ஹோய்! நட நட!" என்றேன்.

காது இரண்டும் பின்னால் திரும்பின. ஒரு கால் எடுத்து வைத்தது. இன்னொரு கால். அப்புறம் பாருங்கள், தொப்பை குலுங்கக் குலுங்க அது ஏறிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தபடி ஓடினேன். பாறையில் இருந்தவர் எழுந்து வழிவிட்டார்.

வாசலில் குதிரை நின்று இரைத்தது. நானும் இரைத்தேன். இவர் மெதுவாக வந்து சேர்ந்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மூலையில் உட்கார்ந்து அந்தப் புடவை மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துணி சுற்றிய விரலால் முடிச்சு அவிழவில்லை. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்து, அண்டாவை உருவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

தண்ணீர் நிரப்பிக் குதிரையின் முன்னால் வைத்துவிட்டு, கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னா பாக்கற?" என்றார் என்னிடம். "அதுக்குத் தாகம் எடுக்காதா?"