மலைக்குப் போதுமான மூச்சு

எண்பதுகளின் நடுவில் பென்னாகரம் பக்கம் கிராம நர்சாக இருந்தேன். என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்று மலைமேல். ஒற்றையடிப் பாதை, தோளில் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டி. எனக்கோ சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பத்து நிமிடம் ஏறினால் மூச்சு விசிலடிக்கும், உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு சித்திரையில் நான் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. சூடேறிக் கெட்டுப்போன மருந்தைப் போட முடியவில்லை. பிள்ளைகளோடு காத்திருந்த பெண்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். மேலதிகாரி கடிந்துகொள்ளவில்லை. "நல்லம்பள்ளிப் பக்கம் மாத்தல் கேளும்மா, அங்க மேடு இல்ல" என்றார். அதுதான் அதிகமாக வலித்தது.

என் கணவர் பஸ் கண்டக்டர். முதுகுவலிக்காகத் தருமபுரியில் ஒரு யோகா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அதில் ஆண்களை மட்டும்தான் சேர்த்தார்கள். கற்றதை வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார்.

"இழுக்கறது பெருசில்லயாம். வுடறதுதான் பெருசாம். நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி வுடு."

"உங்களுக்கே ஆறுக்கு மேல வரலீங்களே."

"எனக்கு முதுகுதான வலி. உனக்குத்தான மூச்சு வேணும்!"

தினமும் விடியலில் சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு நாசியை மூடி, மறு நாசியால் மெல்ல விடுவேன். முதல் வாரம் ஐந்துக்கே நெஞ்சு அடைத்தது. கோபத்தில் அழுதிருக்கிறேன். இழுப்புக்கான மாத்திரையை நிறுத்தவில்லை, பயிற்சியையும் விடவில்லை. இரண்டாம் மாதம் எட்டு வந்தது. பிறகு நடக்கும்போதும் எண்ணத் தொடங்கினேன்: இரண்டு அடிக்கு மூச்சை இழுப்பது, நாலு அடிக்கு விடுவது.

ஆவணியில் மறுபடியும் அந்த மலை. வழக்கமாக நான் சாய்ந்துவிடும் பாறையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் இடத்தைத் துடைத்தே வைத்துவிட்டாள்.

"என்னங்க நர்சம்மா, உக்காரலீங்களா?"

பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். கையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறினேன். கடைசி ஏற்றத்தில் கால் நடுங்கியது. நெஞ்சில் விசில் இல்லை. ஊர் தெரிந்தது. ஒரு தடவைகூட உட்காராமல் வந்துவிட்டேன்!

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. தாய்மார்கள் இன்னும் களையெடுக்கக் கிளம்பியிருக்கவில்லை.

"இத்தன வெள்ளனவேவா வந்துட்டீங்க? அடிவாரத்துக்கு யார் வண்டியில வந்தீங்க?" என்றாள் ஒருத்தி.

"என் மூச்சுல வந்தேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

அன்று அந்த ஊரில் ஒரு குழந்தையும் விடுபடவில்லை. வீரிட்ட அழுகை மலையெங்கும் கேட்டது. மாற்றலைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை. இறங்கும்போது ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, உரக்கப் பாடிக்கொண்டே இறங்கினேன்.