சிக்னல் பெட்டிக்குப் போட்ட சீரியல் செட்

மழைக்காலத்தில் அந்தச் சிக்னல் பெட்டியைப் பார்த்தாலே எனக்குப் பயம். ராஜபாளையத்தில் பஸ் வந்து திரும்புகிற முக்கில், போக்குவரத்து சிக்னலுக்குக் கரண்டு கொடுக்கிற பெட்டி அது. அங்கே பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் படியில் உட்கார்ந்து தோலோடு அவித்த கடலை விற்கிறேன். மலையில் மழை பெய்தால் போதும். இங்கே தூறல்கூட விழாது, தண்ணீர் மட்டும் ரோட்டோரமாக வந்து தேங்கிவிடும்.

முன்பு ஒரு மழையில் அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் ஏறி, உள்ளே படபடவென்று வெடித்தது. அன்றைக்கு நான் கடலைச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ரொம்ப நாளைக்குச் சிக்னலே இல்லை. அதன் பிறகு ஆட்கள் வந்து இடுப்புயரத்துக்குச் சிமெண்டு மேடை கட்டி, பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார்கள். கதவு இடுக்கில் ரப்பர் ஒட்டினார்கள். வயர் போகிற ஓட்டைகளை அடைத்தார்கள். இனிமேல் பயமில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. ஆட்டோக்காரர்கள் தங்கள் ஆட்டோவுக்குச் சந்தனம் வைத்த கையோடு சிக்னல் பெட்டிக்கும் வைத்தார்கள். பக்கத்தில் நிற்கும் சிக்னல் கம்பத்தில் வாழைக்கன்று கட்டினார்கள். எனக்கு அடுத்தாற்போல் இருக்கிற டீக்கடைக்காரர், தன் கடையிலிருந்து வயர் இழுத்துப் பெட்டியையும் கம்பத்தையும் சுற்றிச் சீரியல் செட் போட்டார்.

“வெயில்லயும் மழையிலயும் நின்னு ஒழைக்குது. அதுக்கும் ஒரு பூசை வேண்டாமா?” என்றார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. தீபாவளி வரைக்கும் எரியட்டும் என்று கழற்றாமல் விட்டுவிட்டார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அப்படி ஒரு நாள் என் வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சர்க்கரை முற்றி அவருக்கு இரண்டு பாதத்திலும் உணர்ச்சி கிடையாது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்து வருவார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் போக மாட்டார். சிவப்பு விழுந்து பஸ் நிற்கும்போது இந்த முக்கிலேயே இறங்கி, சிக்னல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு, என்னிடம் வருவார்.

மதியத்துக்கு மேல் தண்ணீர் வந்தது. என் படிக்குக் கீழே கணுக்கால் மூழ்கும் அளவுக்குத் தேங்கியது. பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கிறவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

“ஏட்டி, நீயும் வாயத் தொறக்க மாட்ட, ஒன் கடலையும் வாயத் தொறக்காது. யாரு வந்து வாங்கப் போறா? வீட்டுக்குப் போ.”

எப்போதும் இப்படித்தான் கேலி செய்வாள். கூவி விற்க எனக்கு வராது. அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நான் விரித்திருந்த சாக்கு நழுவித் தண்ணீரில் மிதந்தது. அதை எடுக்க ஒரு காலைக் கீழே வைத்தேன். சுரீர் என்றது. எறும்பு மொய்க்கிற மாதிரி முழங்கால் வரைக்கும் ஏறியது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பார்த்தால், வாழைக்கன்று சாய்ந்து கிடக்கிறது. அதோடு சீரியல் செட் வயரும் இறங்கி, ஒட்டுப்போட்டு டேப் சுற்றின இடம் தண்ணீருக்குள் கிடக்கிறது, கம்பத்தை ஒட்டியே.

படியோடு படியாக நகர்ந்து டீக்கடைப் பக்கம் போனேன்.

“தம்பி... தண்ணியில...”

“என்ன பெரியம்மா, மொணங்குதீய?”

“கரண்டு வருது.”

“பெட்டியத்தான் தூக்கிக் கட்டியாச்சே. சிக்னல் பாட்டுக்கு எரியுது பாருங்க. தண்ணி ஏறுனா மொதல்ல அதுதான அணையும்? தண்ணி ஜில்லுன்னு இருந்திருக்கும், பயந்துட்டீய.”

டீ குடித்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் சிரித்தார்கள். வயரைக் கையால் காட்டினேன். அவர் அதற்குள் டீ ஆற்றத் திரும்பிவிட்டார். அத்தனை பேர் முன்னால் மறுபடியும் பேச நாக்கு எழவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. சிவப்பு விழுந்தது. பஸ் கம்பத்தை ஒட்டி நின்றது. முன்படியில் அவர். மாத்திரைப் பை ஒரு கையில். இன்னொரு கை கம்பத்தை நோக்கி நீண்டது.

“ஏங்க” என்றேன். எனக்கே கேட்கவில்லை. எங்கள் பக்கம் புருசன் பெயரைச் சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில் கேட்டாலும் அட்டையைத்தான் நீட்டுவேன். அவர் காலைத் தூக்கிவிட்டார். அந்தக் காலுக்குச் சுரீர் என்பதே தெரியாதே. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். இங்கே எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

“எறங்காதீய! கம்பத்தத் தொடாதீய! கரண்டு!”

தூக்கின கால் அப்படியே நின்றது. கண்டக்டர் பின்னாலிருந்து, “பெருசு, ஒண்ணு ஏறுங்க, இல்ல எறங்குங்க” என்று விரட்டினார். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பச்சை விழுந்தது. பஸ் அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

டீக்கடைக்காரர் கிளாசை அப்படியே வைத்துவிட்டு கடைக்குள் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். சீரியல் செட் மட்டும் அணைந்தது, சிக்னல் அது பாட்டுக்கு எரிந்தது. கடையில் யாரும் சிரிக்கவில்லை.

செத்த நேரத்தில் என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே திரும்பி வந்து, தண்ணீருக்கு அந்தக் கரையில் நின்றார்.

“என்னட்டி, பேரச் சொல்லி ஊரக் கூட்டுத?”

டீக்கடைக்காரர், “கரண்ட அமத்தியாச்சு, வாங்க பெரியப்பா” என்றார். சொன்னாரே தவிர, அவரும் படியை விட்டு இறங்கவில்லை.

“நான் வாரேன்.”

“வராதீய.”

“அமத்தியாச்சுங்காருல்லா?”

“தண்ணி வத்தட்டும்.”

“அம்புட்டு நேரமும் நான் என்ன செய்ய?”

“அங்கனயே நில்லுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே ஒரு தள்ளுவண்டியில் போய் உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம் படியில். அவர் காலைத் தொங்கப்போடும் போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். தண்ணீர் வடிந்து தார் தெரிந்தது. அவர் எழுந்தார். ஈரம் காயட்டும் என்று கையைக் காட்டி, மறுபடியும் உட்கார வைத்தேன்.