கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாள்

பதினைந்து வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. காமிக்ஸ் புத்தகங்களில் வரும் பெண்களுக்குத் துணி உடுத்துவது. சிரிக்க வேண்டாம், மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானில் அதற்கு அவசியம் இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு புத்தகக் கடை. நடத்தியவர் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் நானா. மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் காமிக்ஸ்களுக்கு அட்டை போட்டு வாடகைக்கு விடுவார். பள்ளிப் பிள்ளைகள் முதல் துறைமுகத்தில் ஷிப்ட் பார்ப்பவர்கள் வரை வாங்கிப் படித்தார்கள். ஒரு நாள் ஒரு தாயார் காட்டு ராணி கதை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "இத எம்புள்ளைங்க படிக்கணுமா நானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். காட்டு ராணி உடுத்தியிருந்தது ஒரு முழம் சிறுத்தைத் தோல். இனி இந்தக் கடையிலிருந்து எந்தப் பெண்ணும் அரைகுறையாக வெளியே போகக்கூடாது என்று நானா அன்றே முடிவு செய்தார். அவருக்குப் படம் வரையத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பள்ளி விட்டதும் கடைக்குப் போவேன். பால் டின் வந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கறுப்பு மார்க்கர் பேனாவால் சட்டைகளுக்குக் கை வைப்பேன், கழுத்தை ஏற்றுவேன், பாவாடையை முழங்காலுக்குக் கீழே இறக்குவேன். எனக்குத் தடுமாறாமல் வரையத் தெரிந்த ஒரே உடுப்பு என் பள்ளிச் சீருடைதான். அதனால் கிள்ளானில் மட்டும் காட்டு ராணி பினபோர் போட்டுக்கொண்டு புலியோடு சண்டை போட்டாள். ஐந்து பெண்களுக்கு உடுத்தினால் எனக்கு ஒரு புத்தகம் ஓசி. வீட்டில் கதைப் புத்தகம் என்றாலே முகம் சுளிப்பார்கள். அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து படித்ததுதான் எனக்கு எல்லாம்.

உடுத்த உடுத்த இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. அந்தப் பெண்களுக்கு வேலையே கிடையாது. துப்பறிவாளரின் காரியதரிசி காப்பி கொண்டுவருவாள். விஞ்ஞானியின் மகள் கடத்தப்படுவாள். அட்டையில் துப்பாக்கியும் கையுமாக நிற்கும் உளவாளிப் பெண்கூட உள்ளே போனால் பாதிக் கதையில் கால் இடறி விழுவாள். கதை முடியும் நேரத்தில் அவளைத் தூணில் கட்டிப் போட்டிருப்பார்கள். காட்டு ராணி மட்டும் சொந்தமாகச் சண்டை போடுவாள், அதுவும் தொப்பி போட்ட வேட்டைக்காரன் வந்து சேரும் வரைக்கும்தான். எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு மெனக்கெட்டு உடுத்தி அனுப்புகிறேனே, போய் உருப்படியாக ஒரு காரியம் செய்தால் என்ன?

அப்படி ஒரு உளவாளிப் பெண்ணிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன். கதை பனிமலையில் நடக்கிறது. சுற்றிலும் பனி கொட்டுகிறது, இந்த அம்மாளுக்கோ கையில்லாத சட்டையும் தொடை தெரியும் கால்சட்டையும். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் வில்லன் அவளை ஒரு மரக் குடிசையில் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிறான். பனிக்கும் ஆகட்டும், நானாவுக்கும் ஆகட்டும் என்று நான் அவளுக்குத் தாராளமாகவே உடுத்தினேன். தாள் மெலிசு. தாளைத் திருப்பினால் கடைசிப் பக்கம், அதில் இரண்டு கட்டங்கள் மையில் மூழ்கிப் போயிருந்தன.

நானா மை விஷயத்தில் கறார். ஒரு புத்தகம் வீணானால் என் பெட்டியும் ஓசியும் போய்விடும். மூழ்கிய கட்டங்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்: கதாநாயகன் கூரையைப் பிய்த்துக்கொண்டு குதிக்கிறான், கட்டை அவிழ்க்கிறான், நான் இருக்கப் பயமேன் என்கிறான். என் நோட்டிலிருந்து வெள்ளைத் தாளைக் கிழித்து அந்த இரண்டு கட்டங்களையும் திரும்ப வரைந்து ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். வரையவும் உட்கார்ந்தேன். ஆனால் அவன் குதிக்கும் படத்தை வரையக் கை ஓடவில்லை. அதற்குப் பதில், தூணில் துருத்திக்கொண்டிருக்கும் ஓர் ஆணியில் அவளே கயிற்றைத் தேய்த்து அறுப்பதாக வரைந்தேன். மை படாத அடுத்த கட்டத்தில் அச்சடித்தபடியே அவன் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனையும் சும்மா விட முடியாதே. அவன் பேசும் பலூன் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, "மன்னிக்கவும், துறைமுகச் சாலையில் லோரி நெரிசல்" என்று எழுதினேன்.

ஒட்டி முடித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். நானா பார்க்காமல் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தப் புத்தகத்தை முதலில் எடுத்துப் போனவர் ஓர் அக்கா. போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் கிராணி, எழுத்து வேலை. வயது இருபத்து நான்கோ ஐந்தோ. பேருந்தில் படிக்க வாரம் ஒரு காமிக்ஸ் எடுப்பார். என்னைப் பார்த்தால், "இன்னிக்கு எத்தன பேருக்கு சட்ட தச்ச?" என்று கேட்பார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் பார்த்திருந்தார்கள். கடையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி அது.

அடுத்த வாரம் அக்கா வரவில்லை. அவருடைய அம்மா வந்தார், கையில் அந்தப் புத்தகம்.

"கல்யாணம் வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்குது நானா. மாப்பிள்ள வீட்டுக்கு அதுவே போன் போட்டு சொல்லிருச்சு. எல்லாம் உங்க புக்கு பண்ண வேல." அவர் கடைசிப் பக்கத்தைப் பிரித்து நானாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாருங்க. பொம்பள தன் கட்ட தானே அறுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போறா. இதப் படிச்சா வேற என்ன புத்தி வரும்?"

நானா அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு மூடினார். "நான் இத இனிமே வாடகைக்கு விடலம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க," என்றார். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நானா என் பக்கம் திரும்பினார். "கதை நடக்கிறது பனிமலையில. அங்க ஏதும்மா லோரி?"

நான் அழுதேன். அவர் திட்டவில்லை. மை ஊறினால் உடனே சொல்ல வேண்டும் என்றார், மார்க்கருக்குப் பதிலாக மறுநாள் ஒரு மெல்லிய பேனா வாங்கி வைத்தார். என் பெட்டி பிழைத்தது. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. நானாவிடம் மாட்டாமல் தப்பிக்க ஒரு பொய்யை ஒட்டினேன், அதை நிஜமென்று நம்பி ஒருவர் தன் கல்யாணத்தை நிறுத்திவிட்டார். அச்சில் இருந்தபடி அவன் குதித்து வந்து அவிழ்த்திருந்தால் அந்த அக்கா மாலை மாற்றியிருப்பார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அக்கா அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. தெருவில் தூரத்தில் கண்டால் நான் சந்துக்குள் ஒதுங்கிக்கொள்வேன்.

படிப்பு முடிந்து கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். அச்சான எழுத்துத் தாளை வெட்டி அட்டையில் ஒட்டிப் பக்கம் அமைக்கும் வேலை. ஒட்டுவதே பிழைப்பாகிப் போனது. அங்கே அதிகம் அடித்தது கல்யாண கார்டு. ஒவ்வொரு கார்டிலும் மணமகள் பெயரைத்தான் முதலில் பார்ப்பேன், அந்த அக்காவின் பெயர் வந்துவிடாதா என்று. கிள்ளான் முகவரியுள்ள கார்டு வந்தால் இரண்டு முறை படிப்பேன். வருடக்கணக்கில் பார்த்தேன், வரவே இல்லை. ஒவ்வொரு தை மாதமும் ஏமாற்றம்தான்.

அதற்கிடையில் காமிக்ஸ் பெண்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளில் அவர்களுக்குச் சொந்தமாகக் கதையே கிடைத்தது. கார் ஓட்டினார்கள், விமானம் ஓட்டினார்கள், குறி தப்பாமல் சுட்டார்கள். என்ன, மலையேறும்போதும் குதிகால் செருப்பைக் கழற்ற மாட்டார்கள், சுட்டு முடித்ததும் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். தொண்ணூறுகளில் பங்சார் பக்கம் பெரிய கடைகளில் பளபளவென்று ஆங்கிலக் காமிக்ஸ்கள் வந்தன. அதில் வரும் பெண்கள் ஒரு கையால் லோரியைத் தூக்குவார்கள், இடுப்போ என் மணிக்கட்டு அளவுதான். அவர்களுக்கு உடுத்த உட்கார்ந்தால் எனக்கு ஒரு நாளைக்கு ஒரு மார்க்கர் போதாது. ஆனாலும் யாரும் அவர்களைக் கட்டிப் போடவில்லை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, கூடவே அந்த அக்காவின் ஞாபகமும் வந்து குத்தியது.

நானா வாடகைப் புத்தகங்களை ஒழித்து வீடியோ கேசட் கடையாக மாற்றியபோது, அந்தப் பனிமலைப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். இத்தனை வருடமும் அதைக் கீழ் இழுப்பறையில் வைத்திருந்திருக்கிறார். வீட்டில் வைக்க மனமில்லாமல் அச்சகத்தில் என் மேசைக்குள் போட்டுவைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கொமுட்டர் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய புதிதில், ஒரு நாள் காலை பதினொரு மணி போல ஒரு பெண்மணி அச்சகத்துக்கு வந்தார். தன் கம்பெனிக்கு நாள்காட்டி அடிக்க வேண்டுமாம். போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனி, ஏழு லோரி ஓடுகிறது என்றார். மாதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். தலையில் கொஞ்சம் நரை. அதே அக்கா. அவர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அந்த நானா கடையில மை பூசுற புள்ளதானே?"

ஆமாம் என்றேன். ஒதுங்கிக்கொள்ள அங்கே சந்து இல்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன்.

"அக்கா, அப்போ உங்க கல்யாணம் நின்னுச்சே. நீங்க கடைசியா எடுத்துட்டுப் போன காமிக்ஸ்ல..."

"எந்தக் காமிக்ஸ்?"

"அதப் படிச்சுட்டுத்தான் நீங்க வேணாம்னு சொன்னதா உங்கம்மா கடைக்கு வந்து..."

அக்கா சிரித்த சிரிப்பில் உள்ளே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "எங்கம்மாவுக்கு யார் மேலயாவது பழி போடணும் லா. மேசை மேல புக்கு கெடந்துச்சு. அந்த ஆளு, கல்யாணம் ஆனா போர்ட் வேலைய விட்டுரணும்னு நிச்சயத்தப்பவே சொல்லிட்டான். ஆறு மாசமா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே இருந்தேன். அந்த வாரம்தான் தைரியம் வந்துச்சு. இதுல புக்கு எங்க வந்துச்சு?"

"அப்ப கடைசிப் பக்கம்?"

"நான் கடைசிப் பக்கமெல்லாம் படிச்சதே கெடையாதும்மா. பொம்பளைய கட்டிப் போட்டாங்கன்னா அந்த எடத்துலயே மூடிருவேன். எவனாச்சும் வந்து அவுத்து விடுவான், தெரிஞ்சதுதானே. அத வேற உக்காந்து படிக்கணுமா?"

பதினேழு வருடமாக நெஞ்சில் கிடந்தது அந்த நொடியில் இறங்கியது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினேன். கொஞ்சம் கோபமும் வந்ததை ஒளிப்பானேன்? அவ்வளவு பாடுபட்டு வரைந்ததை இந்த அம்மாள் பார்க்கக்கூட இல்லை.

"அப்புறம் கல்யாணம் பண்ணிக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"ஏன் பண்ணல? ரெண்டு புள்ள இருக்கு. ரிஜிஸ்டர் ஆபீசுல போய் கையெழுத்து போட்டோம். கார்டு கீர்டு ஒன்னும் அடிக்கல."

கார்டு அடிக்கவில்லை. நான் எத்தனை கார்டுகளைப் புரட்டியிருப்பேன். மேசையைத் திறந்து புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன், செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தூணில் கட்டுண்டு கிடப்பவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளைத் திருப்பினார். பசை மஞ்சளாகி, நான் ஒட்டிய தாளின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. லோரி நெரிசல் வசனத்தைப் படித்து, "இத நம்ம டிரைவருங்களும்தான் தெனம் சொல்றானுங்க," என்றார்.

"அடியில இருக்கிறதுல யாரு அவுத்து விடுறது?"

"அவன்தான்க்கா."

"மேல?"

"அவளே."

தூக்கிக்கொண்டிருந்த மூலையைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார் அக்கா.

"பசை இருந்தா கொண்டாம்மா," என்றார். "ஒட்டுனதே இருக்கட்டும்."