பாலாடை பிடித்த மருமகன்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் குடித்தோம், நானும் மகளும். சுக்கும் கருப்பட்டியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அவள் மளமளவென்று குடித்து முடித்துவிட்டு, "ஆறிரும்ப்பா, குடிங்க" என்றாள். இந்த வாய்க்கு ஒரு காலத்தில் சொட்டுப் பால் இழுக்கத் தெம்பில்லை என்றால் நம்புவீர்களா?

இதே வாசனைதான் அன்று மாமியார் வீடெங்கும். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம், தொண்ணூறுகளின் கடைசி. பிள்ளை பெற்ற மகளுக்குப் பால் ஊறட்டும் என்று அத்தை தினமும் பருத்திவிதை ஆட்டிக் காய்ச்சுவார். பால் ஊறவும் செய்தது, குடிக்கத்தான் ஆளில்லை. மாதம் நிறையுமுன் பிறந்த பிள்ளை, மார்பில் போட்டதும் தூங்கிவிடும். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு பாலாடையைக் கொடுத்து, மூக்கு வைத்த அந்தக் குட்டிக் கிண்ணத்தில் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் புகட்டச் சொல்லியிருந்தார்.

"பாட்டில பழக்கிறாதீங்க, பொறவு தாய்கிட்ட இழுக்க மாட்டா. அப்பப்ப மார்லயும் போடுங்க. எடை கூடலன்னா மாவுப்பால் பாப்போம், அதுவும் ஒண்ணும் குத்தமில்ல."

அத்தைக்குப் புகட்டப் பயம். என் மனைவிக்கு ஓயாத அழுகை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ரப்பர் பாட்டில் வந்து அலமாரியில் தயாராக உட்கார்ந்திருந்தது.

நான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை போனால் கோழியடித்துச் சோறு போட்டு, சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். பிள்ளை பெற்ற அறைக்குள் விடமாட்டார்கள், தீட்டு. அந்த வாரம் பஸ் போனது, நான் போகவில்லை.

"தாங்க அத்தை. பேனாவுக்கு மை ஊத்துத கைதான்."

"இதெல்லாம் பொம்பளைக சோலி மாப்ள. பொறையேறிட்டுன்னா?"

"நிமித்தி வச்சு, கொஞ்சங் கொஞ்சமா விடுதேன்."

முதல் நாள் பாதிப் பால் என் சட்டைக்குத்தான் போயிற்று. லீவைக் கேட்டு வாங்கினேன். "மருமவன்தான் பிள்ள பெத்திருக்காரு" என்று தெருக்குழாயில் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டுமே. அவள் விழுங்குகிற சத்தம் கேட்டால் எனக்குப் போதும்.

ஒரு மத்தியானம் பாலாடையை நிரப்பிக்கொண்டு உள்ளே போனால், மனைவி கையைக் காட்டித் தடுத்தாள். மார்பில் கிடந்த பிள்ளையின் தாடை விடாமல் அசைந்துகொண்டிருந்தது.

"ஏங்க, இழுக்கா. நல்லா வலிக்கி" என்று சொல்லிச் சிரித்தாள்.

முற்றத்தில் அத்தை காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலை மிதித்துக்கொண்டு ஓடினேன். "அத்தை, குடிக்கா." கால் எரிந்தது சாயங்காலம்தான் தெரிந்தது. ரப்பர் பாட்டில் வந்த வழியே திரும்பிப் போனது. ஜெயித்துவிட்டோம். அப்படியொரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அந்த வீடும் முற்றமும் இப்போது இல்லை. பாலாடை யார் யார் பிள்ளைக்கோ இரவல் போய் எங்கோ தங்கிவிட்டது. என் புகட்டும் வேலையோ அந்த மத்தியானமே போய்விட்டது. வேலை போனதற்குத் தெரு முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.