இழுத்தால் இறுகும் முடிச்சு

கண் விழித்ததும் மூக்குக் கண்ணாடியை எடுக்க வலக்கையை நீட்டினேன். கை போனது. மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் நிமிரவில்லை. வாடிய கீரைத்தண்டு போல் தொங்கியது. இடக்கையால் தூக்கி நிமிர்த்தினேன். விட்டதும் விழுந்தது. பத்திரிகையில் பகிடி எழுதி, ஊரைச் சிரிக்க வைத்துச் சோறு தின்ற கை அது. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

டெங்குக் காய்ச்சலில் இரண்டு நாள் புத்தி தடுமாறிக் கிடந்தேனாம். சேலைன் ஊசியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தேனாம். சொன்னவன் கட்டிலடியில் கதிரை போட்டுக் காவலிருந்த மச்சான். மனைவியின் தம்பி, சல்லிக் கடற்கரையில் தோணி வைத்து மீன் பிடிப்பவன்.

"நேர்ஸ் பிள்ளை மணிக்கட்டைத் துணியாலை கட்டிலோடை கட்டினவ, அத்தான். நீங்கள் உருவிப்போட்டியள். பிறகு நான்தான் முழங்கைக்கு மேலை ஒரு கட்டுக் கட்டினனான். தோணி கட்டுற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். வாடைக் காத்துக்கே எங்கட தோணி அசையாது, நீங்கள் எந்த மூலைக்கு!"

"எவ்வளவு நேரம்?"

"காலமை தொடக்கம் பொழுதுபடுமட்டும். குளிர்ந்து நடுங்கினியள், மேலை போர்வையாலை மூடியும் விட்டனான்."

போர்வைக்குள் கட்டு இருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. நான் நன்றி வேறு சொல்லித் தொலைத்தேன்.

டொக்டர் வந்தார். முழங்கைக்கு மேலே சுற்றியிருந்த நீலத் தடத்தை விரலால் தடவினார்.

"ஆர் இதைக் கட்டினது?"

"நான்தான், டொக்டர்."

"கையை நிமிர்த்திற நரம்பு இந்த இடத்தாலைதான் போகுது. நசிஞ்சு போச்சு. மாதக்கணக்கிலை பெலன் திரும்பி வரலாம். வராமலும் விடலாம்."

வராமலுமா? முடிச்சை அவிழ்த்தால் கட்டு முடிந்தது என்று ஐம்பது வயதுவரை நம்பியிருந்தவன் நான். எதையும் வாசித்தவன் என்ற எண்ணம் வேறு. நான் வாசித்த ஒன்றிலும் இது இருக்கவில்லை. மச்சான் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது மணிக்கட்டை நிமிர்த்தி வைக்க ஒரு பட்டி தந்திருக்கிறார்கள். ஒற்றைக் கையால் அதைக் கட்ட ஏலாது. மீனை இறக்கிவிட்டு மச்சான் தினமும் வந்து கட்டுகிறான், பூவைத் தொடுவது போல. தேத்தண்ணி ஆறுவதற்குள் பட்டி நழுவிக் கை மறுபடி தொங்குகிறது.

"இறுக்கடா மச்சான்."

"காணும் அத்தான். இவ்வளவு இறுக்கம் போதும்."

அவன் படலையைத் தாண்டியதும் பட்டியைப் பல்லால் கடித்து நானே இறுக்கிக்கொள்கிறேன்.